கலெக்டரின் கழுத்து

பாரிவாக்கத்தில் பூங்காவனத்தைத் தெரியாதவர்களுக்குக்கூடக் கலெக்டரைத் தெரியும். கலெக்டர் ஒரு வெள்ளைக் குதிரை. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்ததால் பூங்காவனமே வைத்த பெயர் அது.

ஆறு வருடம் கலெக்டர் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. பூங்காவனம் அந்தத் தொழிலில் குதிரைக்காரராக இருபது வருடம் கிடந்தவர். ஊர்வல முதலாளி தொழிலை மூட்டை கட்டியபோது, கோயமுத்தூரிலிருந்து வந்து இங்கே ஃப்ளாட் வாங்கியிருந்த ஸ்ரீராம் குதிரையை வாங்கினார். கூடவே பூங்காவனத்தையும் சேர்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஸ்ரீராமுக்கு, சனி ஞாயிறுகளில் காலி மனையில் பிள்ளைகளுக்குக் குதிரை ஏற்றம் கற்றுத்தர ஆசை.

ஆசை முதல் நாளே அடிவாங்கியது. கற்றுக்கொள்ள வந்த ஏழு வயது நிஷா இரண்டு சுற்று முடித்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஷேர் ஆட்டோவே பரவாயில்ல அங்கிள்" என்றாள்.

ஸ்ரீராம் பூங்காவனத்தைத் தனியாக அழைத்தார். "குதிரை முதுகு பலகையாட்டம் இறுகிக் கெடக்குதுங்ணா. தலையைக் கீழ விட்டு, கழுத்தை நீட்டி, இளகி நடக்கோணும். அப்பத்தான் மேல இருக்கறவங்களுக்குக் குலுங்காது. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லைனா திருத்தணிக்காரர் கேக்கறாரு, குடுத்துடலாம்."

பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்தணிக்காரன் கட்டில் மேல் குதிரையை ஏற்றி ஆடவைத்துக் காசு பார்க்கிறவன்.

மறுநாளே பாடம் ஆரம்பம். கழுத்துக்கு நல்லெண்ணெய் தடவி நீவினார். அகத்திக்கீரையைத் தரையில் காட்டினார். மேலே ஏறி உட்கார்ந்து, "குனிடா நைனா, கொஞ்சம் குனி, என் கண்ணு இல்ல?" என்று கெஞ்சிப் பார்த்தார். கலெக்டர் ஒரு சாண் குனியும். அடுத்த நொடி விருட்டென்று நிமிர்ந்துவிடும். வியாழக்கிழமை வரை இதே கூத்துதான். "திமிரு புடிச்ச கழுத!" என்று குதிரையைத் திட்டினார்.

வெள்ளிக்கிழமை, மனைக்கு எதிரே இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி ராஜகுமாரி டீ கொண்டுவந்தாள். மனுஷன் குதிரையைவிட்டு இறங்குகிற வழியாக இல்லை. வலது கையில் பொறை பிஸ்கட்டைக் கொடுத்தாள். லகான் பிடித்திருந்த இடது கையிலேயே டம்ளரையும் திணித்தாள். கலெக்டர் இரண்டடி நடந்து மெல்லத் தலையை இறக்கியது. சூடான டீ முழுவதும் பூங்காவனத்தின் தொடையில் கொட்டியது.

"ஐயோ! யார்ரா தட்டனது?"

"யாரும் தட்டல. நீதான் கைய வெடுக்குனு இஸ்த்த. அது குனியும்போதெல்லாம் நீ இஸ்த்துகினு கீற. அது இன்னாய்யா பண்ணும்?"

எரிந்த தொடையைத் தடவியபடி பூங்காவனம் தன் இடது கையை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். ஊர்வலத்தில் குதிரை தலையைத் தொங்கப்போட்டால், "எழவு ஊட்டுக்கா வந்துகீது?" என்று மாப்பிள்ளை வீட்டார் சட்டையைப் பிடிப்பார்கள். இருபது வருடம் அந்தத் திட்டுக்குப் பயந்த கை, அவரைக் கேட்காமலே லகானைச் சுண்டப் பழகியிருந்தது. நாலு நாளாக வாய் குனி என்றது, கை நிமிரு என்றது. பாவம், வாயில்லா ஜீவனைப் போய்த் திட்டினோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ராஜி, இன்னொரு டீ குடு. ஆற வெச்சுக் குடு."

சனிக்கிழமை பூங்காவனம் நிறைந்த டம்ளரோடுதான் குதிரை ஏறினார். குதிரைக்கு அல்ல, கைக்குப் பாடம். நாலு டீ கொட்டியது. இரண்டு பேன்ட் பாழானது. ஐந்தாவது டீயில் பாதி மிஞ்சியது. கலெக்டர் குனிந்தது, லகான் வழக்கம்போலச் சுண்டப்படும் என்று காத்திருந்தது. லகான் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, 'பர்ர்ர்' என்று மூக்கைச் சிந்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம் நிஷாவோடு வந்து பார்த்தார். "டீ எதுக்குங்ணா?"

"அது இல்லாங்காட்டி வராது சார்."

இரண்டு சுற்று நல்லபடியாகப் போனது. அந்நேரம் பார்த்து, அடுத்த தெருவில் மஞ்சள் நீராட்டுச் சீர்வரிசை மேளத்தோடு கிளம்பியது. மேளம் காதில் விழுந்ததும் கலெக்டரின் தலை பழையபடி வானத்துக்குப் போனது. முன்னங்கால் தாளம் போட்டது. ஸ்ரீராம் உதட்டைப் பிதுக்கினார்.

பூங்காவனத்தின் கையும் கிளம்பியது. டீ விளிம்புவரை ஏறி நின்றது. போச்சு, திருத்தணிதான் என்று நினைத்தார். பிறகு, பிடித்து வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார். தோள் இறங்கியது, முழங்கை தளர்ந்தது. கலெக்டரின் ஒரு காது பின்னால் திரும்பியது. கழுத்து இறங்கியது, இன்னும் இறங்கியது, மூக்கு புல்லை உரசியது. அதே நடையில், மேளம் முழங்க, கலெக்டர் மனையைச் சுற்றி வந்தது. இறுகிய பலகையாக இருந்த முதுகு அவருக்குக் கீழே ஊஞ்சல்போல அசைந்தது. ஆறு வருடம் கூடவே இருந்தும் அந்த முதுகை அவர் இன்றுதான் அறிந்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது, துடைக்க வலது கை இருப்பதும் மறந்துபோயிற்று.

"திருத்தணிக்காரருக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேனுங்ணா" என்றார் ஸ்ரீராம். "நிஷா, வா கண்ணு, ஏறு."

பூங்காவனம் இறங்க, நிஷா ஏறி உட்கார்ந்து லகானைப் பிடித்தாள். பிறகு பூங்காவனத்தைப் பார்த்து இடது கையை நீட்டினாள்.

"டம்ளர் அங்கிள்?"

பூங்காவனம் ஆடை படிந்துபோன டீயை ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரை அலசி, விளிம்புவரை தண்ணீர் பிடித்து அவள் கையில் கொடுத்தார்.