பொறுக்கி எடுக்காத மத்தாப்பு

ருக்சானாவுக்கு ஒரு வியாதி உண்டு. கூட்டத்தில் யாராவது "இதை யார் செய்வீங்க?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் அவள் கை மேலே போய்விடும். விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்து, வேதியியல் படித்து, தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியின் டெஸ்டிங் ரூமுக்கு வேலைக்கு வந்த பிறகும் அது தீரவில்லை. "உன் கையைக் கட்டித்தான் வேலைக்கு அனுப்பணும்" என்று சொல்லிச் சொல்லி அவள் கணவன் ரியாஸ் ஓய்ந்துபோனான்.

2008-ல் அந்தக் கை உயர்ந்தது திறந்த அறிவியல் திட்டத்துக்கு. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து விளக்கினார். அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் சில சேர்ந்திருந்தன. தொழிலாளிகளே சின்னச் சின்னச் சோதனை செய்ய வேண்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, எல்லாக் கம்பெனிச் சுவரிலும் ஒட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு கம்பெனியிலும் விருப்பப்பட்ட ஒருவர் வழிகாட்டி; சம்பளம் கிடையாது, டீ உண்டு. பக்கத்துக் கம்பெனிக்காரன் எட்டிப் பார்த்தாலே கதவைச் சாத்துகிற ஊரில் இதைச் சொல்ல அந்த மனுஷனுக்குத் தைரியம்தான்.

"நம்ம சங்கதியை ஊர்ச் சுவத்துல ஒட்டவா?" என்று மேனேஜர் செல்லச்சாமி முகத்தைச் சுளித்தார். முதலாளி மட்டும், "ஒண்ணு பண்ணிக் காட்டுங்க. உருப்படியா இருந்தா மேல பாப்போம்" என்றார். ருக்சானாவுக்கு அது போதும்.

கம்பி மத்தாப்புப் பிரிவுப் பெண்கள் அவள் குழுவில் சேர்ந்தார்கள். தலைவி மாதிரி முன்னால் நின்றது முத்துமாரியம்மாள். மருந்தில் முக்கியெடுத்த கம்பியைப் புரட்டாசி ஈரக்காற்றில் இரண்டு நாள் காயவைப்பது வழக்கம். ஒரு நாள் போதுமா என்பதுதான் சோதனை. ஒரே நாள் காய்ந்ததைப் பெட்டியில் போட்டு வைத்து, ஒரு வாரம் கழித்து வெட்டவெளியில் கொளுத்திப் பார்த்தார்கள். முத்துமாரியம்மாள் எடுத்து எடுத்து நீட்டினாள். ஒன்றுவிடாமல் எல்லாம் ஜோராகப் பொரிந்தது! ருக்சானா கைதட்டிக் குதித்தாள். சீசன் நேரத்தில் லோடு ஒரு நாள் முன்னாலேயே போகும் என்றதும் செல்லச்சாமிக்கே அறிவியல் பிடித்துவிட்டது.

மறுநாள் மற்றக் கம்பெனிக்காரர்கள் முடிவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் முதலாளிக்குக் கொளுத்திக் காட்டலாமென்று ருக்சானா அதே பெட்டியில் கைவிட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அது பற்றவே இல்லை. இன்னொன்று புகைந்து அணைந்தது. இதை நம்பி நாலு கம்பெனியும் லோடு ஏற்றினால் அவ்வளவும் நமுத்த சரக்கு.

"என்னக்கா இது?"

"அது கழிவும்மா. நல்லதா பாத்துப் பொறுக்கியில்ல உங்களுக்குக் குடுத்தேன்" என்றாள் முத்துமாரியம்மாள், பெருமையாக. "சரக்கு வாங்குற பார்ட்டி வந்து கேட்டா நமுத்ததையா நீட்டுவோம்? ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுல்ல."

ருக்சானாவுக்குக் கோபம் வந்தது, அது வந்த வேகத்திலேயே சிரிப்பாகவும் மாறியது. இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சோதனை செய்வது? தன் துப்பட்டாவால் முத்துமாரியம்மாளின் கண்ணைக் கட்டி எடுக்கச் சொன்னாள். அப்படியும் நல்லதே வந்தது. எத்தனையோ வருஷம் மத்தாப்பில் புழங்கிய விரல், சொத்தையைத் தொட்டதும் தானாக நகர்ந்துவிடுகிறது. "நான் என்னம்மா செய்ய? கை கேக்க மாட்டேங்குதே!" என்று அவளும் சிரித்தாள்.

மத்தாப்பைப் பில்லில் மட்டுமே பார்த்த கை ஒன்று வேண்டும். ருக்சானா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நீங்களே எடுங்க சார்."

செல்லச்சாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜம்மென்று வந்தார். கைக்கு வந்ததை எடுத்து நீட்டினார். மூன்றில் ஒன்று பற்றவில்லை. அவர் முகமும் கூடவே நமுத்துப்போனது.

"இதை ஒட்டினா ஊரே சிரிக்கும். முதலாளி திட்டத்தையே மூடிருவாரு. பழசையே ஒட்டுங்க."

"மூடினா மூடட்டும் சார். பழசை ஒட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று வேனில் வீடு போய்ச் சேரும்வரை அழுகையாக வந்தது. அந்தக் குழுவை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

காலையில் இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். முதலாவதன் கீழே, பொறுக்கி எடுத்ததால் இது தப்பு, ஒரு நாள் போதாது என்று பெரிதாக எழுதினாள். வந்தவர்கள் படித்தார்கள். முதலாளி படித்தார். யாரும் சிரிக்கவில்லை. நாரணாபுரத்திலிருந்து வந்த சங்கையா கடைசிவரை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நாங்களும் எங்க சுவத்துல நூத்துக்கு நூறுன்னுதான் ஒட்டிருக்கோம். பொறுக்கித்தான் எடுத்தோம். போய்க் கிழிக்கணும்."

"எங்களுதும்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது.

முதலாளி ருக்சானா பக்கம் திரும்பினார். "ஒரு சீசன் லோடு தப்பிச்சது. நடத்துங்க" என்றார்.

"எங்களுக்கு யாரு வந்து சொல்லிக் குடுப்பீக?" என்று கேட்டார் சங்கையா. ருக்சானாவின் கை வழக்கம்போல் எழுந்தது. அதற்கு முன்பே முத்துமாரியம்மாளின் கை உயரத்தில் நின்றது.

"நான் போறேன். பொறுக்குறவுக கையி எப்படியெல்லாம் ஏமாத்தும்னு எனக்குத்தானே தெரியும்."

ருக்சானா தன் கையைச் சந்தோஷமாக இறக்கிக்கொண்டாள். நாரணாபுரத்து வேன் கிளம்பும் சமயம், ஏறி உட்கார்ந்த முத்துமாரியம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், நீங்களும் ஏறுங்க. ஒண்ணும் தெரியாத கையி அங்கனயும் வேணும்ல!"

செல்லச்சாமி ஒரு கணம் முறைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஏறினார்.