பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்

ரப்பர் பால் வெட்டு முடிந்து நாங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் நேரத்தில்தான் சீனக் கிழவர் ஆ செங் சைக்கிளில் கீரை கொண்டுவருவார். ஒரு திங்கட்கிழமை, கங்கோங் கீரைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எதையோ முணுமுணுத்தார். காது கொடுத்துக் கேட்டால் அது எங்கள் பாட்டு. முந்தின நாள் பந்தாட்டத்தில் எங்கள் தோட்டத்து ஆட்கள் தொண்டை கிழியக் கூவிய அதே பாட்டு. ‘தள்ளு தள்ளு ஏலேலோ, தங்க வாசல் ஏலேலோ.’ அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ராகம் பிசகவில்லை. எங்கள் தோட்டத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ‘ரெங்கம்’ என்று போட்டுக்கொண்டார். சிம்பாங் ரெங்கம் டவுன் பந்தாட்டக் கட்சி எங்களுக்கு எதிர்க்கட்சி. நான் கீரையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

நான் ஏன் நின்றேன் என்பது ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும். எங்கள் ஊர்த் தேரை இழுக்கும்போது கீழத்தெருக்காரர்கள் கூவும் கூவலை மேலத்தெருக்காரன் எடுத்துக் கூவினால் மண்டை உடையும். உடைந்தும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கோ வடத்தைத் தொடவே உரிமை கிடையாது. தேர் எங்கள் பக்கம் திரும்பும்போது குளக்கரைக்கு அப்பால் போய் நிற்கவேண்டும். நான் அந்தக் கூவலைக் கற்றது அங்கே நின்றுதான். ஒருமுறை மாடு ஓட்டிக்கொண்டு போகும்போது வாய்விட்டுக் கூவிவிட்டேன். என் தகப்பனாரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசினார்கள். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ரங்கூனில் அரிசி ஆலை, கொழும்பில் துறைமுகம், பினாங்கில் கல் உடைப்பு என்று அலைந்தேன். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலத்தில், எனக்குத் திரும்பிப் போக மனமில்லை. ஒரு சீனனுடைய மரவள்ளிக் கொல்லையில் சோற்றுக்கு வேலை செய்து காலத்தை ஓட்டினேன். தோட்டங்களில் மறுபடி ஆள் எடுத்தபோது இந்த ஜொகூர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் பார்க்கப் போனால், எங்கள் ஆட்கள் சந்தையில் மாடு பிய்த்துக்கொண்டு ஓடியதுபோல் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தேர்க் கூவலை எடுத்துவிட்டேன். தேர் போய்ச் சேரும் நிலைவாசல் என்று வரும் இடத்தில், பந்து போய் விழவேண்டிய எதிர்க்கட்சிக் கோலைத் தங்க வாசல் ஆக்கினேன். அன்றிலிருந்து கூவல் எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. நீ எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆ செங் போனதும் அடுத்த வீட்டுச் சின்னையாவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் கட்சியில் இடது ஓரத்தில் ஆடுகிறவன் அவன். அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“நம்ம பாட்ட ரெங்கத்துக்காரனுங்க எடுத்துக்கிட்டானுங்க, தெரியுமா?”

“எடுத்துக்கட்டுமேண்ணே. தேஞ்சா போயிடும்?”

“நாளைக்கு நம்மள எதிர்த்தே பாடுவானுங்கடா.”

“பாடத்தான் செய்வாங்க. புதுசா ஏதாச்சும் சேத்துப் பாடுறாங்களான்னு மட்டும் பாருங்க. ஒண்ணும் சேக்காம சும்மா பாடினாத்தான் இங்க கேவலம்.”

இந்த நாட்டுப் பந்தாட்டத் திடலின் வழக்கம் அதுதான் என்று போகப்போகத் தெரிந்துகொண்டேன். எந்தக் கட்சியின் கூவலையும் எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் தங்கள் பங்காக ஒன்றைச் சேர்க்கவேண்டும். அடுத்த முறை முதலில் பாடினவர்களும் அந்தச் சேர்மானத்தோடுதான் பாடவேண்டும். ரெங்கத்துக் கடைக்காரச் சீனர்கள் எங்கள் கூவலின் ஒவ்வொரு வரி முடிவிலும் மண்ணெண்ணெய் டின்னில் மூன்று தட்டு சேர்த்தார்கள். அவர்களோடு நிற்கும், கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர்கள் கடைசியில் ‘மாசோக்’ என்று ஓர் அடியைச் சேர்த்தார்கள். உள்ளே போ என்று அர்த்தம். அதற்கு நடுவில் ஓடுகிறவன் பெயரைச் செருகுவார்கள். நாங்கள் பாடினால் ‘மாசோக், சின்னையா, மாசோக்’ என்று வரும். யோங் பெங் ஊர்க் கட்சிக்காரர்கள் அதையும் எடுத்துக்கொண்டு, இடையே கைதட்டலை வைத்தார்கள். எல்லாம் சுற்றி எங்களிடமே வந்தபோது, குளக்கரையில் நின்று நான் கேட்டது உடம்பில் சதை வைத்து ஆளாகியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு கூவலைக் காப்பாற்ற அத்தனை தடிகள் வேண்டியிருந்தன. இங்கே அதைத் தூக்கிக் கொடுத்துக் கொடுத்தே வளர்க்கிறார்கள். நான் போன நாடுகளில் வேறெங்கும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சின்னையா முன்பு காட்டில் மரம் இழுக்கும் கூட்டத்தில் இருந்தவன். கூவலுக்குக் கால் வைத்துப் பழகிய உடம்பு. சத்தம் ஏறினால் பறப்பான். சத்தம் இல்லாவிட்டால் பந்து அவன் காலடியில் வந்து தூங்கும். அவனுக்குப் பந்தாட்டம் பொழுதுபோக்கு அல்ல. எங்கள் லயம் சதுப்பு ஓரத்தில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் அவனுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அவன் மனைவி அஞ்சலைக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ரெங்கத்தில் சாலை வேலை ஓவர்சியர் ஒருவர் டவுன் கட்சிக்கு ஆள் சேர்ப்பவர். நன்றாக ஆடுகிறவனுக்குச் சாலையில் வேலையும், மேட்டுப் பக்கம் குழாய்த் தண்ணீரோடு ஒரு வீடும் வாங்கிக் கொடுப்பார். இடது ஓரத்துக்கு ஒருவனைத் தேடுகிறார் என்றும், எங்களோடு நடக்கும் ஆட்டத்தில் சின்னையாவைப் பார்க்கப் போகிறார் என்றும் சேதி வந்தது. அடுத்த மழைக்குள் அஞ்சலையை அந்த லயத்திலிருந்து வெளியே கொண்டுபோய்விடவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பு இல்லை.

ஆட்ட நாள் காலையில் தோட்டத்துத் துரை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுப் போட்டுவிட்டார். மழையில் வெட்டு நின்றுபோன நாட்களுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் காட்டுக்குப் போகவேண்டும், ஆடுகிறவர்கள் மட்டும் லாரியில் ஏறலாம் என்று உத்தரவு. காலில் புண் வைத்திருந்ததால் எனக்கு வெட்டு இல்லை. நானும் ஏறிக்கொண்டேன். இப்படியாக, ரெங்கம் திடலில் எங்கள் கட்சிக்குக் கூவ நான் ஒருவன்தான். எதிரே திடலின் நீளத்துக்கு அவர்கள் கூட்டம். சீனர், மலாய்க்காரர், சாலை வேலைத் தமிழர், டின், கொடி எல்லாம் இருந்தன. நான் கத்தினேன். முதலெடுப்பும் நானே, ஏலேலோவும் நானே. கொஞ்ச நேரத்தில் என் குரல் காற்றாகிவிட்டது. சின்னையா மரம்போல் நின்றான். வந்த பந்தெல்லாம் அவனைத் தாண்டிப் போயிற்று. ஓவர்சியர் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். இடைவேளையில் சின்னையா என் பக்கம் வந்து தண்ணீர் குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது எதிர்க் கூட்டத்திலிருந்து ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திடலின் குறுக்கே என்னை நோக்கி நடந்து வந்தார். அவர்களுக்குக் கூவல் எடுத்துக் கொடுக்கும் பாக் மாட். மாட்டுவண்டிக்காரர், எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார். எங்கள் ஊரில் ஒருவன் அப்படி மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். ஓடக் கால் இல்லை. கையில் இருந்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

“மழ இல்லலா, தம்பி. ஒங்க ஆளுங்க எங்க?”

“தொர விடல. பெரட்டு.”

“அலமாக். நீ ஒருத்தந்தானா?”

தலையாட்டினேன். அவர் தம் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கூட்டத்தின் நடுவே நின்ற தென்னை மரத்துக்கு நேராகக் கையை நீட்டி, அரிவாளால் வெட்டுவதுபோல் கீழே இறக்கினார். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் டின்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரத் தொடங்கினார்கள். முன்னால் வந்தவர் ஆ செங். ஒரு சாலை வேலைத் தமிழருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

“நம்ம கோல்ல பந்து விழணும்னு நாமளே கத்தணுமா, பாக்? நல்ல கூத்தா இருக்கே.”

“பாட்டுக் குடுத்த ஆளுலா. வாயடச்சு நிக்க வுட்டுட்டு நாம மட்டும் பாடறதா?” என்றார் பாக் மாட். “நீ ஒண்ணும் வெக்கப்படாத. நல்லாக் கத்து.”

அந்தத் தமிழரும் வந்து என் பக்கத்தில் நின்றார். “கத்துறேன். ஆனா கோல் போட்டீங்கன்னா ஒங்களத்தான் ஒதப்பேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

குரலே இல்லாத நான் கையை மட்டும் தூக்கினேன். டின் மூன்று முறை அதிர்ந்தது. ‘தள்ளு தள்ளு’ இந்தப் பக்கத்தில் எழுந்தது. அந்தப் பக்கத்திலும் அதே ‘தள்ளு தள்ளு’ எழுந்தது. நடுவில் பெயர்கள் மட்டும் வேறு. சின்னையா தலையை நிமிர்த்தினான். அதற்குப் பிறகு அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஓரத்திலேயே ஓடி, ஒருவனைத் தாண்டி, இன்னொருவனைத் தாண்டி, உள்ளே வளைந்தபோது, ‘மாசோக், சின்னையா, மாசோக்’ என்று ரெங்கத்துச் சனங்களே ரெங்கத்துக் கோலைப் பார்த்துக் கூவினார்கள். பந்து விழுந்தது. அந்தத் தமிழர் என்னைக் கட்டிப்பிடித்துத் துள்ளிவிட்டு, பிறகு நினைவு வந்தவராகத் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டத்தில் என்னவோ நாங்கள்தான் தோற்றோம். ஆனால் ஓவர்சியர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சின்னையாவின் தோளில் கைவைத்துப் பேசியதை லாரியில் இருந்து பார்த்தேன்.

மழைக்கு முன்பே அவன் அஞ்சலையையும் சட்டி பானைகளையும் பாக் மாட்டின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு அங்கே காய்ச்சல் வருவதில்லையாம். பக்கத்து வீட்டுக் கதவு கொஞ்ச நாள் பூட்டியே கிடந்தது. அடுத்த ஆட்டம் எங்கள் தோட்டத்துத் திடலில் நடந்தது. இந்தத் தடவை எங்கள் சனம் முழுவதும் வந்திருந்தது. ரெங்கத்துச் சட்டையில் இடது ஓரத்தில் சின்னையா ஓடிவந்தான், எங்கள் கோலை நோக்கி. ரெங்கத்துச் சனங்கள் ‘மாசோக், சின்னையா’ என்றார்கள். அந்த இடத்தில் வேறு பெயர் சொல்லிப் பழகாத எங்கள் சனமும் ‘மாசோக், சின்னையா’ என்றது. எங்கள் கோல்காரன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பி, “யோவ், யாருக்குய்யா பாடுறீங்க?” என்று கத்தினான். முதலெடுப்பு எடுத்தவன் நான்தான்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் தேர் ஓடிய சேதி இருக்கும். படித்த மறுநாள் காட்டில் ஆள் இல்லாத மர நிரையாகப் பார்த்து அந்தக் கூவலைக் கூவிப் பார்ப்பேன். நான் கேட்டபடியே, நிலைவாசலோடு, எதுவும் சேர்க்காமல் கூவுவேன். வாய் சரியாகத்தான் கூவுகிறது. வரி முடியும்போது கைதான் பால் வாளியில் மூன்று முறை தட்டிவிடுகிறது.