சிங்க்குக்கு வெட்டிய துண்டு

என் வீட்டுக்காரரும் நானும் கடைசியாகப் போட்ட சண்டை சமையல் மேடைக் கல்லுக்காக. அவருக்கு வெள்ளை குவார்ட்ஸ் வேண்டும், எனக்குக் கருப்பு கிரானைட். சண்டை முடிவதற்குள் அவர் போய்விட்டார். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. எங்கள் இரண்டு பேரின் அப்பா அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சொந்தமாக மனை வாங்கித் தளம் போட்ட வீடு எங்கள் பக்கத்தில் இதுதான் முதல். சுவர் பூசி, வயர் இழுத்து, சமையலறையில் மேடையும் கட்டியாகிவிட்டது. மேலே ஒட்ட வேண்டிய கல் மட்டும் பாக்கி.

அவர் மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். கடலைப் பார்த்த மாதிரி அங்கே தனித்தனி வீடுகள் உண்டு. அதில் ஒன்றுக்கு ஃபேன் மாட்டப் போனவர் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை, அதே பேச்சு.

"இன்னா வெள்ளை தெரியுமா மே. இட்லி மாவாட்டம் கீது. கைய வெச்சா வழுக்கிகினு போவுது."

"அங்க யாரு சமைக்கிறாங்க? நூடுல்ஸ் கிண்டுறவங்க. நம்ம வூட்டுல சங்கரா மீன் கொழம்பு. ஒருநாள் மஞ்சத்தூள் கொட்டட்டும், அப்புறம் பாரு உன் இட்லி மாவ."

"தொடச்சா பூடும்."

"யாரு தொடைக்கிறது, நீயா? சூடும் தாங்காதுய்யா அது. குக்கர எறக்கி எங்க வெப்பேன், உன் தலை மேலயா?"

"வெய்யி. என் தலை தாங்கும்."

கருப்பில் அழுக்குத் தெரியாது என்பதுதான் என்னுடைய பெரிய வாதம். அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். "அழுக்கு இருந்துகினு தெரியாம கீது பாரு, அதான் பேஜாரு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்றிருந்தோம். வியாழக்கிழமை டூட்டியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை. சவப்பெட்டியை மூடும்போது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "அழுதுடு, நெஞ்சுல வெச்சிக்காத" என்று பெரியம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் வளையல் முதுகில் உரசியதுதான் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு மறைமலைநகருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். கார் பாகங்கள் செய்கிற கம்பெனி. கீறல், பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து ஒதுக்குவது என் வேலை. அந்த மாதம் ஒரு கீறலும் என் கையைத் தாண்டிப் போகவில்லை. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சரி சார் என்றேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வெளியே என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டு வேலை நிற்குமா? மேஸ்திரி போன் செய்தார். "யக்கா, கல்லு இன்னான்னு சொல்லிடு. நான் வேற சைட்டுக்குப் போவணும்."

மகள் காலேஜில் படிக்கிறாள். அவள் அப்பா கட்சி, எப்போதுமே. "அப்பா இந்த வீட்டுல தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதாம்மா" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். கிரானைட் போட்டால், செத்துப்போன ஆளோடு சண்டை போட்டு ஜெயித்த மாதிரி ஆகும். குவார்ட்ஸ் போட்டால், அவர் ஒருநாளும் வந்து பார்க்காத வெள்ளையில் தினமும் நான் நின்று வெங்காயம் நறுக்க வேண்டும். எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. குவார்ட்ஸே போடலாம் என்று மகளிடம் சொன்னேன். மறுத்துப் பேச எதிரில் ஆளே இல்லாதபோது நான் மட்டும் என்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

கடைக்குக் கிளம்பும்போது கொழுந்தனும் வந்தார். அவருக்கு வேறு ஒரு கவலை. "அண்ணி, கல்லறைத் திருநாள் வருது. அல்லாருக்கும் பேர்க்கல்லு கீது. அண்ணனுக்கு மட்டும் செமண்டு மேல ஆணியால கீறி வெச்சிகீது. பாக்கவே ஒருமாதிரி கீது." அந்த எழுத்தைக் கீறியதே அவர்தான், ஈர சிமெண்டில், கோணலும் மாணலுமாக. அதனால் வந்த கவலை.

செங்கல்பட்டு ரோட்டில் ஒரு கல் கடை. பலகை பலகையாகக் கல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு கிரானைட் மேல் சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார், பளபளவென்று முகம் தெரிந்தது. அது வேண்டாம், வெள்ளை காட்டுங்கள் என்றேன். காட்டினார். இட்லி மாவு மாதிரிதான் இருந்தது. கட்டைவிரலை வைத்து இழுத்தேன். கீறல் இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. இதையே கொடுங்கள் என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் மேடையின் அளவு கேட்டார், சிங்க்கின் அளவு கேட்டார். கேட்டுவிட்டு எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார். "சிங்க்குக்கு வெட்டுற துண்டு உங்களுதுதான் மேடம், எடுத்துகினு போயிடுங்க. வாசப்படிக்குப் போடலாம், துணி தொவைக்கப் போடலாம்."

கொழுந்தன் சட்டென்று கேட்டார். "கல்லறைக்குப் பேர் வெட்டலாமாண்ணே?"

கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. "தாராளமா. நெறைய பேரு அதான் பண்றாங்க. மகாபலிபுரத்துல குடுத்தா அழகா எழுத்து வெட்டித் தருவாங்க. ஆனா இது ஆவாது சார். இந்தக் கல்லுல பிசின் சேத்துகீது. அடுப்பங்கரையில வெச்சா நல்லாருக்கும். வெயில்ல போட்டா நாள் ஆவ ஆவ மஞ்சளா பூடும். கிரானைட்டுன்னா வெயிலோ மழையோ அதும்பாட்டுக்குக் கெடக்கும்."

"அப்பாவுக்குத் தனியா ஒரு கருப்புத் துண்டு வாங்கிக்கலாம் சித்தப்பா" என்றாள் மகள்.

அதுவும் கிடைக்கும் என்று கடைக்காரர் பின்பக்கம் கூட்டிப் போனார். சுவரோரம் குவியலாகக் கிடந்தன. எல்லாம் மூலை மழுங்கிய துண்டுகள். யார் யார் வீட்டிலோ சிங்க் வைக்க வெட்டி, அவர்கள் வேண்டாம் என்று விட்டுப் போனவை. கொழுந்தன் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடுத்தவர் வீட்டில் வேண்டாம் என்று தள்ளியதை என் வீட்டுக்காரர் தலைமாட்டில் வைப்பதா? எனக்கு அந்த ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. அடுத்தவர் விட்டதைத் தொட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று வீடு கட்டிய மனுஷன்.

"புரட்டாதீங்க" என்றேன் கொழுந்தனிடம். "எங்க வூட்டுக் கல்லுல வெட்டுனதுதான் அவருக்கு. மேடைக்கும் கிரானைட்டே குடுங்க."

மகள் என் கையை விட்டுவிட்டாள். "அப்பாவுக்கு வெள்ளைதானம்மா புடிக்கும்."

"உங்கப்பா வூட்டுக்குள்ளயா கீறாரு? வெயில்ல கெடக்கறாரு. வெயில் தாங்குற கல்லுதான் அவருக்கு வேணும்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கடைக்காரர் சிங்க் அளவை மறுபடி ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டார். அப்படித்தான் சண்டையில் நான் ஜெயித்தேன். ஜெயித்த மாதிரியே இல்லை.

அந்த வாரமே கல்லை ஒட்டினார்கள். சிங்க் துண்டை மேஸ்திரி கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். கொழுந்தன் அதைச் சாக்கில் சுற்றி வண்டியில் முன்னால் வைத்துக்கொள்ள, நான் பின்னால் உட்கார்ந்து மாமல்லபுரம் போனோம். வழியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ரிசார்ட் கேட் வந்தது. கொழுந்தன் வண்டியை மெதுவாக்கினார். போங்க என்றேன்.

சிலை செய்கிற பட்டறை அது. பாதி முடிந்த பிள்ளையாருக்கும் புத்தருக்கும் நடுவில் எங்கள் கல்லை வைத்தார்கள். வேலை செய்கிறவர் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "வசனம் எதுனா போடணுமா?" பேர் போதும் என்றேன். "எழுத்துக்குத் தங்கக் கலர் அடிக்கவா, வெள்ளையா?"

"வெள்ளை" என்றேன். அதையாவது கொடுக்கலாம் என்றிருந்தது.

வீட்டில் ஃபாதர் வந்து மந்திரிக்க, பால் காய்ச்சினோம். பால் பொங்கியதும் பாத்திரத்தை இறக்கிக் கல் மேல் அப்படியே வைத்தேன். துணி வைக்கவில்லை, பிரிமணை வைக்கவில்லை. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத் திரும்பினேன். கொழுந்தன் மனைவி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான். புல் பிடுங்குவதும் சுண்ணாம்பு அடிப்பதுமாக இருந்தார்கள். நாங்களும் அடித்தோம். ஆணியால் கீறிய பேரின் மேலேயே புதுக்கல்லைப் பதித்தார் கொழுந்தன். நாலு மூலையும் மழுங்கிய கல். எங்கள் சிங்க்கின் மூலை. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

திருநாளன்று சாயங்காலம் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். நாங்கள் சாமந்தி மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். கடல் பக்கமிருந்து காற்று. மெழுகு ஒரு பக்கமாக உருகிக் கல்லில் வழிந்தது. நான் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினேன். சுரண்டிய இடத்தில் பிசுக்கு இருந்தது. கல்லில் வாயால் ஊதி முந்தானையால் தேய்த்தேன். மறுபடி வழிந்தது. மறுபடி தேய்த்தேன். காலையில் வீட்டு மேடையைத் துடைத்த அதே தேய்ப்பு.

"போதும்மா" என்றாள் மகள். "கருப்புல ஒண்ணும் தெரியல."

"அழுக்கு இருந்துகினு தெரியாம கீது பாரு" என்றேன், "அதான் பேஜாரு."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையைக் கல்லிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். மெழுகு வாசனை அடித்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.