மூடுபனியில் நான் சாத்திய கதவு

எங்கள் மலைப்பகுதியான திருப்புலி நாட்டில் கல்குவாரியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த பெண்ணை, எங்கள் வீட்டில் எப்போதும் ஓடும் கட்சிச் சேனல் 'வெளிநாட்டுக் கைக்கூலி' என்றது. நானும் நம்பினேன்.

ஒரு காலை, வாசலே தெரியாத மூடுபனியில், கனவில் வருவதுபோல அவரே வந்து நின்றார்.

"ஏனுங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"டிவியில எல்லாம் பாத்தனுங்க. கிளம்புங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். கதவைச் சாத்திவிட்டேன்.

பனி மெல்லக் கரைந்ததும் எட்டிப் பார்த்தேன். இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த என் கன்றுக்குட்டி வாசல் பலா மரத்தில் கட்டப்பட்டிருந்தது. முதுகில் அவருடைய சால்வை.

கூசிப்போனேன். கன்றுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சால்வையோடு ஓடி ரோட்டு வளைவில் அவரைப் பிடித்தேன். சால்வையை நீட்டினேன்.

"கன்னு தண்ணி குடிச்சுதுங்களா?" என்றுதான் கேட்டார்.

அன்றுவரை அவர் பேச்சை நான் ஒருமுறைகூட அவர் வாயால் கேட்டதில்லை. அன்று கூடவே நடந்து கேட்டேன்.