காலையில் கிளம்பாத கார்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்குகள் மங்கலாக எரிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். கணவரின் வாப்பாவான மாமா மௌத்தாகி மண்ணுக்குப் போன அடுத்த வருடம், மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வல வீட்டில் என் காலைகள் பலவும் இப்படித்தான் தொடங்கின. பக்கத்து வீட்டார் வந்து தள்ளிவிட்டால்தான் கார் கிளம்பும். நான் படிப்பித்த பாடசாலை பிரதான வீதியிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தது. அங்கே போகும் ஒரே பஸ் விடியுமுன்பே போய்விடும். மாமா போன பிறகு அவருடைய காரை நான் ஓட்டத் தொடங்கியதே அதனால்தான்.

கணவர் கத்தாரில் இருந்தார். வீட்டில் நானும் மாமியும் மட்டும். கணவரின் உம்மாவான அவர் அதிகம் பேசமாட்டார். காரைத் தள்ளுவதை வாசலில் நின்று பார்ப்பார். சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் தரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமாவின் இருக்கையில் நான் உட்காருவது பிடிக்கவில்லையோ என்று நினைத்து மனம் நொந்திருக்கிறேன்.

சந்தியில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸை அழைத்துவந்தேன். அவர் பெட்டரி முனைகளில் படிந்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். எஞ்சினை ஓடவிட்டு, பெட்டரி சரியாக ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். ஏறியது. புதுப் பெட்டரி போட்டோம். சில நாட்களில் அதுவும் படுத்துவிட்டது. "நிப்பாட்டி வச்சிருக்கிறப்போ ஏதோ ஒன்னு கரண்ட இழுக்குதுங்க டீச்சர்" என்றார் பாஸ். பாடசாலையிலிருந்து வந்ததும் பெட்டரி வயரைக் கழற்றிவைத்துப் பார்க்கச் சொன்னார். கழற்றினால் மறுநாள் கார் கிளம்பியது, கழற்றாவிட்டால் கிளம்பவில்லை. எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்று அவர் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒழுக்கு எதுவும் இல்லை. மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டு, "வண்டியில ஒன்னும் இல்லையே" என்று தலையைச் சொறிந்தார்.

தொலைபேசியில் கணவர் பொறுமையிழந்தார். "வித்துட்டு பழையபடி பஸ்லயே போங்க" என்றார். வாங்குவதற்கு ஆளும் கிடைத்தது. அவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த நாள் காலையில், அடுப்படியில் நின்ற மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"காரை விக்க வேணாம்னு மகன்கிட்ட சொல்லுங்க மகள். அதுல ஒரு பிழையும் இல்ல. நான்தான்."

எனக்கு விளங்கவில்லை. மாமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பின்னேரம் நீங்க முன்னறையில டியூஷன் குடுக்கிற நேரம் நான் காருக்குள்ள போய்க் குந்துவேன். சாவியக் கொஞ்சமாத் திருப்பி லைட்டப் போட்டுப் பார்ப்பேன், சிக்னல் போட்டுப் பார்ப்பேன். எஞ்சின ஸ்டார்ட் பண்ணப் பயம். அதாலதான் பெட்டரி இறங்குதுன்னு பாஸ் பேசினப்பதான் விளங்கிச்சி."

"ஓட்டப் பழகணும்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமி."

"இந்த வயசில சொன்னா சிரிப்பாங்கதானே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாமாவுக்கு நெஞ்சு நொந்த அன்னைக்கு கார் வீட்டு முத்தத்தில நின்னிச்சி மகள். சாவி என் கையில. நான் ரோட்டுல நின்னு த்ரீவீலர் தேடினேன். ஒன்னு கிடைச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சி."

அன்று நான் பாடசாலையில் இருந்தேன். கார் நின்ற இடத்தை அதன்பிறகு எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அது மாமிக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் திருப்பிக்கொண்ட முகத்தில் இருந்தது கோபம் அல்ல. அவரை அணைத்துக்கொண்டேன். வாங்க வந்தவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

சனிக்கிழமைகளில் விளையாட்டு மைதானத்தில் பழகத் தொடங்கினோம். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மாமி "பிஸ்மில்லா" சொல்வார். கார் குதித்து நின்றுபோனால், யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்புவார். லைசனுக்கான முதல் பரீட்சையில் தோற்றார். வீட்டுக்கு வந்து தொழுதுவிட்டு, "நாளைக்கும் போவமா மகள்?" என்றார்.

லைசன் கிடைத்த அன்று எங்கே போகலாம் என்று கேட்டேன். தன் தங்கச்சி வீட்டைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "மாத்தளை ஆஸ்பத்திரிக்கு" என்றார். வழிநெடுக பஸ்கள் ஹோர்ன் அடித்து முந்திப்போயின. அவர் தன் பாட்டில் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா மகள்?"

கியரைப் பிடித்திருந்த அவர் கையின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

இப்போது எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடிவருகிறார்கள். என்ன ஏது என்று நான் விசாரித்து முடிப்பதற்குள், மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காருக்குள் இருப்பார்.