என் மகளுக்குத் தெரியாது என்று டீச்சர் முடிவு செய்த வார்த்தை

போன வருஷம் ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் எங்கள் வீடு. அன்று நான் வேலை முடிந்து வந்தபோது, ஒன்பதாவது படிக்கும் என் மகள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இங்கிலீஷ் கட்டுரை நோட்டு. எடுத்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க சிவப்பு வட்டங்கள். கீழே ஒரு பெரிய பூஜ்ஜியம். 'இது நீ எழுதியதல்ல, பெற்றோரை அழைத்து வா' என்று டீச்சர் இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. தங்க வருகிறவர்கள் படித்து முடித்த இங்கிலீஷ் கதைப் புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். முதலாளியம்மா எடுத்துக்கொள்ளச் சொன்னதால் மகளுக்குக் கொண்டு வந்து கொடுப்பேன். அவள் புரியாத வார்த்தையை எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய டிக்‌ஷனரியில் தேடுவாள். தேடியதோடு விட மாட்டாள். அன்று முழுக்க அந்த வார்த்தை வீட்டில் புழங்க வேண்டும். 'அம்மா, சாம்பார் இன்சிப்பிட்' என்றால் சப்பென்று இருக்கிறது என்று அர்த்தம். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற எதிர் வீட்டம்மா 'கேன்டாங்கரஸ்'. நான் அவசரத்தில் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினால், 'பொட்டு அவ்ரியா இருக்கும்மா' என்பாள். கோணலாக இருக்கிறதாம். தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்த எனக்கும் இப்படிப் பேசிப் பேசியே நிறைய வார்த்தை ஒட்டிக்கொண்டது.

'மழை நாள்' என்ற கட்டுரையில் அந்த வார்த்தைகளைத்தான் எழுதியிருந்தாள். எல்லாம் தெரிந்த நானே அன்று என்ன கேட்டேன் தெரியுமா?

"உண்மையைச் சொல்லுடி, போனைப் பார்த்து எழுதினியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீயுமாம்மா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பிடக்கூட வரவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர்கள் அறை. மகளையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு நிறுத்தினார்கள். அந்த டீச்சருக்கு என்னைவிட வயது குறைவு. உட்காரச் சொல்லவில்லை.

"ஏஐ-ல போட்டு எடுத்து அப்படியே காப்பி பண்ணியிருக்காம்மா. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். தலையை ஆட்டினார். "அதான். உங்க வீட்ல யாரு இந்த வார்த்தையெல்லாம் பேசப் போறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க பேசுவோம் மிஸ்," என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டார்.

"நீயே எழுதினதுதானே? சொல்லு பாப்போம். 'அரை'ன்னா என்ன அர்த்தம்?"

மகள் விழித்தாள். எனக்கும் புரியவில்லை. அரை என்றால் பாதி, இல்லாவிட்டால் மாவு அரைப்பது. இதை ஏன் கேட்கிறார்? டீச்சர் இன்னொரு தடவை கேட்டார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாம்மா? அவ எழுதின வார்த்தை அவளுக்கே தெரியல."

என்ன துணிச்சல் வந்ததோ, "மிஸ், அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க," என்று கை நீட்டி வாங்கினேன். வட்டத்துக்குள் நாலே எழுத்து. ஏ, டபிள்யூ, ஆர், ஒய்.

"இது 'அவ்ரி'தானே மிஸ்?"

பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு டீச்சர்கள் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். அதை 'அரை' என்றுதான் சொல்ல வேண்டுமாம்; எழுத்தைப் பார்த்து நாங்களாக 'அவ்ரி' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். மகளுக்கு மட்டும் மூச்சு வந்தது.

"அவ்ரியா! கோணலா இருக்குறது மிஸ். நெனச்ச மாதிரி நடக்காம தப்பா போறதுக்கும் சொல்லலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். சுவரைக் காட்டினாள். "அதோ, அந்த டைம்டேபிள் அவ்ரியா தொங்குது."

நிஜமாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் தொங்கியது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மற்ற வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னேன். டீச்சர் கேட்கவில்லை. பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு ஆறு என்று போட்டார்.

"எப்படி உச்சரிக்கணும்னே தெரியாத வார்த்தை எதுக்கு உனக்கு? சிம்பிளா எழுது."

ஒரு சாரி கிடையாது. முதல் நாள் நோட்டைக் கொடுக்கும்போது வகுப்பில் அத்தனை பேர் முன்னால் அவளைத் திருடி என்றாராம், அதுவும் சொன்னது சொன்னதுதான். வாசலுக்கு வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுடும்மா," என்றேன். பரவாயில்லை என்று தலையை ஆட்டினாள். அன்று எனக்கு இருந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த கட்டுரை வந்தது. கடற்கரையைப் பற்றி. எடுத்துப் படித்தேன். கடல் நைஸ், காற்று நைஸ், சுண்டல் வெரி நைஸ். பத்துக்கு ஒன்பது மார்க்.

"ஏன்டி இப்படி எழுதியிருக்க?"

"இப்படி எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா."

பூஜ்ஜியத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி வயிறு எரியவில்லை. அந்த ஒன்பதைப் பார்த்தபோது எரிந்தது.

இப்போது எந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்றும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். வீட்டில் பழையபடி பேசுகிறாள். பள்ளிக்கூட நோட்டில் மட்டும் இன்னும் எழுதுவதில்லை. ஒரு பிள்ளை வார்த்தையைத் தப்பாக உச்சரிக்கிறது என்றால், சொல்லித்தர ஆளில்லாமல் தானே தேடிப் படித்திருக்கிறது என்று அர்த்தம். இது ஒரு டீச்சருக்கே தோன்றவில்லையே என்பதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.