பலாமரத்து வழக்கும் பத்தொன்பது மாதமும்

மலையையே இல்லமாகக் கொண்டு, நொந்து அழைப்பவர் முன் வேலோடு வந்து நிற்கும் பெருமானே, எழுதும் கைக்கு நடுக்கம் தராதே. எழுதப்படும் சொல்லில் பொய் கலவாமல் காத்தருள்.

இன்று தைப்பூசம். பூச நட்சத்திரமும் முழுநிலவும் கூடிய நன்னாள். காலைப் பூசை முடித்த கையோடு எழுத அமர்ந்துவிட்டேன். காவல் துறை எங்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யுமா, செய்யாதா என்று நானும் என் மனைவியும் பத்தொன்பது மாதங்கள் காத்திருந்தோம். அதே நிலையில் இன்று எங்கோ காத்திருக்கும் ஒருவருக்கு இது பயன்படலாம் என்பதே என் எண்ணம்.

நாங்கள் குடியிருப்பது ஏற்காட்டு மலையில் உள்ள கொட்டச்சேட்டில். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மனைவி பிறந்தது அதே மலையில் செம்மநத்தத்தில். அவள் உறவினரிடையே ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு நிலம் எழுதித் தராவிட்டாலும், திருமணத்தன்று பிறந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலாமரத்துக்கு மஞ்சள் பூசி, நூல் சுற்றி, அவளுக்கென்று கொடுத்துவிடுவார்கள். நிலம் எவர் கைக்குப் போனாலும் மரம் அவளுடையது. எழுத்தில் எதுவும் இராது. அவ்வாறு கிடைத்த மரத்தில் நாற்பத்திரண்டு ஆண்டுகளாக, ஆனி மாதந்தோறும், அவள் பழம் வெட்டுவாள். நான் சுமந்து வருவேன்.

அவளுடைய அண்ணன் மக்கள் அந்த நிலத்தைச் சேலத்து வணிகர் ஒருவருக்கு விற்றார்கள். பத்திரத்தில் மரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அது தெரியாத ஒருவர்தான் நிலத்தை வாங்குகிறார் என்பது எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவரை ஒருமுறை பார்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அந்த ஆனியில் போனபோது தோட்டத்தைச் சுற்றிப் புதுக் கம்பிவேலி இருந்தது. உள்ளே அந்த வணிகரின் விடுதி எழும்பிக்கொண்டிருந்தது, அவர் இல்லை. நான் ஒரு தூணிலிருந்து கம்பியை அவிழ்த்து வழிசெய்தேன். அவள் அரிவாளோடு உள்ளே போனாள். மரத்தடியில் செங்கல் சுமந்துகொண்டிருந்த தொழிலாளியிடம், "அங்கிட்டுத் தள்ளி நில்லு சாமி, தலையில விழுந்துரும்" என்று அரிவாளை அசைத்துக் காட்டினாள். மூன்று பழம் வெட்டிக்கொண்டு திரும்பினோம். விடுதிச் சுவரில் கேமரா இருந்தது. அதில் படம் பதிவாகும், பேச்சுப் பதிவாகாது.

மூன்றாம் நாள் காவலர் இருவர் வந்து, அரிவாளைக் கைப்பற்றி, எங்களை ஏற்காடு நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அத்துமீறி நுழைந்தது, பழம் திருடியது, அரிவாளைக் காட்டி மிரட்டியது என்று விடுதி உரிமையாளர் கொடுத்த புகாரில் மூன்று குற்றங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே எதிரி என்பார்கள்; முதல் எதிரி நான். இரண்டாம் எதிரி அவள்.

பிழைக்கு மேல் பிழையாக, நான் அங்கேயும் ஆசிரியராகவே பேசினேன். நிலையத்து ரைட்டர், "பழத்தை எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்தோம். இன்று நேற்றல்ல; நாற்பத்திரண்டு ஆண்டுகளாக எடுத்து வருகிறோம்" என்றேன்.

அவர் தலை நிமிராமல், "நாப்பத்திரண்டு வருஷமா திருட்டு" என்று முணுமுணுத்தபடி எழுதினார்.

சேலத்தில் எங்கள் வழக்கறிஞர் அதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "ஏனுங்க ஐயா, உங்க பள்ளிக்கூடத்துல கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லித் தரலீங்களா?" என்றார். என் மனைவி, தான் வந்திருப்பது வழக்குக்கு என்பதையும் மறந்து சிரித்தாள்.

எனக்கு அச்சம் என்னைக் குறித்து அன்று. அந்த மரம் அவள் தந்தை அவளுக்கு அளித்த ஒரே சொத்து. அதன் பழத்தை வெட்டியதற்காக அவளை நீதிமன்றத்தில் திருடி என்று பெயர் சொல்லி அழைத்தால், கொடுத்தவரின் சொல்லும் பொய்யாகிவிடும். அவள் பெயர் குற்றப்பத்திரிகையில் ஏறக் கூடாது. நான் இறைவனிடம் வேண்டிக்கொண்டது இது ஒன்றுதான்.

வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்: விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போடலாம், குற்றமில்லை என்று கைவிடலாம், சிலரை விட்டுச் சிலர் மீது மட்டும் போடலாம். அதுவரை சேதி இல்லையென்றால் அது கெட்ட சேதி ஆகாது. நடந்ததை நினைவு மங்குமுன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மரம் கொடுத்ததைக் கண்டவர்களின் பெயரை எழுத்துமூலம் நிலையத்தில் கொடுங்கள். கேட்கப் போவதென்றால் நேரில் போங்கள். மூன்றையும் செய்தோம். அவற்றுக்குப் பிறகு எஞ்சியது காத்திருப்பு மட்டும்.

முதல் மூன்று மாதம் அதை நான் மோசமாகக் கையாண்டேன். பூசை முடிந்ததும் நாள்தோறும் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுவேன். நாளடைவில் பூசையே அந்தப் பேச்சுக்கு முன்னுரையாகிவிட்டது. உதடு பதிகம் சொல்லும். மனம், இன்று ரைட்டர் எடுப்பாரா, எடுக்கமாட்டாரா என்று கணக்கிடும். இருபது வயதில் மனப்பாடம் செய்த பாடலில் மூன்றாம் அடி நின்றுபோய்த் தடுமாறினேன். பின்னால் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, நீங்க கும்பிடறது சாமியவா, ஸ்டேசனையா?" என்று கேட்டாள். 

அன்றே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்தில் ஒரு நாள், கிருத்திகையன்று, பஸ் ஏறி ஏற்காடு சென்று நேரில் கேட்பது. மற்ற நாள்களில் வீட்டுக்குள் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. பேசியே ஆக வேண்டுமானால் வீட்டுக்குப் பின்னால் உள்ள காப்பித் தோட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்ப் பேச வேண்டும். மழையில் அட்டைப்பூச்சிக்கு அஞ்சி அங்கே எவரும் நெடுநேரம் நிற்கமாட்டார்கள். "என்னமோ பேசோணும்னீங்களே" என்று அவள் கேட்பாள். கால்விரல் இடுக்கில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, "ஒன்றுமில்லை" என்று நான் திரும்பிவிடுவேன்.

ஒரு கிருத்திகைக்கும் மறு கிருத்திகைக்கும் இடையே நான் அறியாத ஒரு பதிகத்தை மனத்தில் ஏற்றினேன். அடியார்கள் இறைவனிடம் "ஏன் இன்னும் வரவில்லை" என்று அழுவதையும், சினந்து ஏசுவதையும் வகுப்பில் முப்பது ஆண்டு கவிநயம் என்று விளக்கியிருக்கிறேன். அது நயம் அன்று, உண்மையான வலி என்று அறுபத்தொன்பதாம் வயதில்தான் விளங்கியது. ஏசியவர் எவரும் கோயிலை விட்டுப் போய்விடவில்லை என்பதும் விளங்கியது. அந்த இரண்டாவது செய்தி என்னை நிமிர்த்தியது. அதற்குப் பின் மூன்றாம் அடி தவறவில்லை.

இடையில் ஆய்வாளர்கள் இருமுறை மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் பலாப்பழத்திலிருந்து தொடங்க வேண்டும். கடைத்தெருவில் என்னைக் கண்டால் மளிகைக்காரர், "பலாக் கேஸு என்ன சொல்லுதுங்க?" என்பார். "இன்னும் பழுக்கவில்லை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பழகாதது ஒன்று உண்டு. அடுத்த ஆனியில் மரம் வழக்கத்தைவிட மிகுதியாகக் காய்த்தது. பறிப்பார் இல்லை. பழம் விழுந்து வெடித்து, காட்டெருமை வந்து தின்றது. மணம் சாலைவரை வந்தது. பஸ் அவ்விடத்தைக் கடக்கும்போது அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். நான் அவள் கையைப் பற்றிக்கொண்டேன், அவ்வளவே.

மூன்றாவதாக வந்த ஆய்வாளர்தான் செம்மநத்தம் போய், மனைவியின் சின்னம்மாவை விசாரித்தார். தொண்ணூறை நெருங்கியவர். நாங்கள் தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். எனினும் அந்த அம்மையாரின் குரல் தள்ளி நின்றாலும் கேட்கும்.

"மரத்தைக் குடுத்ததுக்குப் பத்திரம் இருக்குதுங்களா ஆயா?"

"மரத்துக்கு எதுக்குப் பத்திரம்? அது எங்கியாச்சும் ஓடிப் போயிருமா? நாந்தான் மஞ்ச பூசினேன். வேணும்னா என்னையும் புடிச்சுட்டுப் போ கண்ணு. ஜீப்புல ஏறி நொம்ப நாளாச்சு."

ஆய்வாளர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதுவதைச் சற்று நிறுத்தினார். ஊரில் வேறு மூவரும் அதையே சொன்னார்கள்.

அடுத்த கிருத்திகையன்று நிலைய வாசலில் விடுதி உரிமையாளரையே சந்தித்தோம். அவரும் கையில் காகிதத்தோடு பெஞ்சில் அமர்ந்திருந்தார். "நானும் ஒன்றரை வருஷமா அலையறேனுங்க. வாங்கறப்பவே யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு" என்றேன். அவர் தம் பக்கத்தில் இடம் விட்டார். மூவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஆய்வாளருக்காகக் காத்திருந்தோம்.

சென்ற வாரம் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வாளர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு முடிவைச் சொன்னார். மரம் அவளுடையது என்று ஊரார் சொன்னதால் திருட்டு நீக்கப்பட்டது. மிரட்டவில்லை என்று தொழிலாளியே கூறியதால் அதுவும் நீக்கப்பட்டது. தன் மரத்துக்குப் போனவள் என்பதால் அவள் பெயர் வழக்கிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. வேலிக் கம்பியை அவிழ்த்து அத்துமீறி நுழைந்ததாக என் மீது மட்டும் குற்றப்பத்திரிகை.

நான் கைகூப்பினேன். குற்றப்பத்திரிகை பெற்றுக்கொண்டு நன்றி சொன்ன ஆளை அவர் முன்பு கண்டிருக்கமாட்டார்.

என் மனைவிக்கு மட்டும் அது ஒப்பவில்லை. "வெட்டுனது நானு. பேரு இவருக்கு மட்டுமா?"

"வேணும்னா உங்க பேரையும் சேர்த்துரட்டுங்களாம்மா?" என்றார் ஆய்வாளர்.

"சேர்த்துக்கங்க. திருடின்னு மட்டும் எழுதிராதீங்க."

"அதான் இல்லைன்னு எழுதியாச்சுங்களே."

"எங்கே, அந்த வரியப் படிங்க" என்றாள். அவர் படித்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஊட்டுக்குப் போலாமுங்க" என்று எழுந்தாள்.

அடுத்த மாதம் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். கம்பியை அவிழ்த்தது நான்தான். கேட்டால் ஆம் என்பேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதாக வழக்கறிஞருக்கு வாக்களித்திருக்கிறேன். மனைவிக்கு உரிமை உள்ள மரத்துக்குத் துணையாகப் போனவர் என்பதால் இது நிற்காது என்கிறார் அவர். நின்றாலும் குறையில்லை. அவள் தந்தை கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது.

இதைப் படித்தவர் எவராயினும், அவர் வீட்டு வாசலில் நல்ல சேதி வந்து நிற்கட்டும். அது வரத் தாமதமானால், அதுவரை உடன் அமர ஒரு துணையும், நாவில் ஒரு நல்ல பாடலும் நிலைக்கட்டும். செய்யாத குற்றம் அவரைத் தீண்டாதிருக்கட்டும். செய்த சிறுபிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு குன்றாதிருக்கட்டும். வேலவன் அருளால் அனைவரும் நலமுற வாழ்க.